என் கண்ணே சரியில்லை, கண்ணைப் பற்றிப் படிக்கலாமா?

வாசகர் கடிதம்:

“ஐயா, பள்ளி இறுதியாண்டில் படிக்கிறேன். இயற்பியலும் உயிரியலும் பிடிக்கும். எனக்கு இடக்கண்ணில் பார்வை குறைவு என்பதை ஒன்பது வயதில்தான் கண்டுபிடித்தார்கள். ‘சோம்பேறிக் கண்’ என்றார் மருத்துவர். கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணுக்குப் பரிசோதனைப் பலகையின் கடைசி மூன்று வரிகள் தெரிவதில்லை. அன்றிலிருந்து கண்ணைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. பல்கலைக்கழகங்களில் ‘பார்வை அறிவியல்’ என்று ஒரு படிப்பு இருப்பதாக அறிந்தேன். மருத்துவம் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம் அது, படித்து முடித்தால் கண்ணாடிக் கடையில்தான் உட்கார வேண்டும் என்கிறார் என் மாமா. அது உண்மையா? என்னென்ன வேலைகள் கிடைக்கும்? ஒரு கண் மட்டுமே நன்றாகத் தெரியும் எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா?”

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

உங்கள் இடக்கண் சோம்பேறி அல்ல. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், பாவம், கண் என்ன செய்யும்? 1960-களில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து சில நாட்களே ஆன பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் மூடிவைத்து, சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. விழித்திரையும் வேலை செய்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குச் செவிசாய்க்க வேண்டிய செல்கள் ஏறக்குறைய எல்லாமே மற்றக் கண்ணின் பக்கம் போய்விட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதே காலம் கண்ணை மூடிவைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. பார்ப்பதற்கு மூளை பழகும் பருவம் ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிட்டால் நல்ல கண்ணும் பயன்படாமல் போகும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. 1981-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த அறிவு எந்தத் துறைக்குச் சொந்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒளியியல் படித்தவரிடம் போனால், உங்கள் கண்ணில் பிம்பம் சரியாகத்தான் விழுகிறது என்பார். கண் மருத்துவர், கண்ணில் நோய் இல்லை என்பார். நரம்பு மருத்துவரும் மூளையில் பழுது இல்லை என்றே சொல்வார். மூவர் சொல்வதும் சரி, ஆனாலும் உங்களுக்குக் கடைசி மூன்று வரிகள் தெரியவில்லை. மூவருக்கும் நடுவே விட்டுப்போன அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வதுதான் பார்வை அறிவியல். கண்ணுக்கு வரும் நோயைவிட, பார்த்தல் என்ற செயல் எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது, அதை எப்படி அளப்பது என்பதே அதன் அக்கறை.

அளப்பது என்று சொன்னேன். அதற்கும் உங்கள் கண்ணையே உதாரணமாகச் சொல்லலாம். நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, பார்வை குறைந்த கண்ணை வேலை வாங்குவது பழைய வைத்தியம். எத்தனை மணி நேரம் மூட வேண்டும்? நெடுங்காலம் அவரவர் அனுபவப்படி ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குறைபாடு நடுத்தரமாக இருக்கும் சிறு குழந்தைகளுக்கு நாளுக்கு 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது. புது மருந்து இல்லை, புது அறுவை சிகிச்சையும் இல்லை. யாரோ ஒழுங்காகக் கேள்வி கேட்டு, ஒழுங்காக அளந்தார்கள். பள்ளியில் ஒட்டுத்துணியோடு உட்கார்ந்து கேலிக்கு ஆளாகும் ஒரு பிள்ளைக்கு அந்த 4 மணி நேரம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே குழு 2005-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 7 வயதைத் தாண்டிய பிள்ளைகளிலும் ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் இருந்தது. ஆகவே உங்கள் கண்ணை ஒரு கண் மருத்துவரிடம் இன்னொரு முறை முழுமையாகக் காட்டுங்கள். கைப்பேசியில் வரும் கண் பயிற்சிகளுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

குறையுள்ள கண்ணோடு இந்தத் துறைக்கு வருவதில் நீங்கள் முதல் ஆளும் அல்ல. 1801-இல் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர், ஒரு திசைக் கோடுகள் மற்றவற்றைவிட மங்கித் தெரியும் ஆஸ்டிக்மாடிசம் என்ற குறையை விவரித்தார், அது அவருடைய கண்ணிலேயே இருந்தது. அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்ணில் மாறுவது கருவிழியா (கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கார்னியா), உள்ளே இருக்கும் லென்ஸா என்ற சண்டையையும் அவர்தான் தீர்த்தார். கண்ணைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் கருவிழியின் வேலையை ஒழித்துவிட்டு, அப்போதும் கண் அருகே குவிகிறதே என்று காட்டினார். ஜான் டால்டன் என்ற வேதியியலாளருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும் என்று 1794-இல் அவர் ஒரு விளக்கம் சொன்னார். தான் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கும்படியும் சொல்லிவைத்தார். 1844-இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாக இருந்தது, விளக்கம் தவறு. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-இல் சோதித்தபோதுதான், பச்சைப் பகுதி ஒளிக்கான நிறமி அவருக்கு இல்லை என்பது உறுதியானது. நார்வேயின் க்னுட் நூர்ட்பி பிறவியிலேயே எந்த நிறமும் அறியாதவர், பார்வை ஆய்வாளராகவே வாழ்ந்தார். அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரி குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண் உள்ளவர், 48 வயதில் பயிற்சி எடுத்து முதன்முறையாக உலகை முப்பரிமாணத்தில் கண்டார்.

நடைமுறைச் சிக்கல் இல்லாமலும் இல்லை. கண்ணை இரண்டு கண்ணாலும் உருப்பெருக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் போன்ற கருவிகளில் ஆழம் தெரிவது ஒரு வசதி. கருவிழியில் ஒட்டிய தூசியை ஊசி முனையால் எடுக்கும்போது அது வசதி என்ற நிலையைத் தாண்டி அவசியம் ஆகிவிடும். நுண் அறுவை சிகிச்சைதான் உங்கள் கனவு என்றால் தயங்கச் சொல்வேன். ஆனால் பவர் பார்ப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, ஆய்வுக்கூடம், வடிவமைப்பு இவற்றில் பெரும்பகுதிக்கு ஒரு நல்ல கண் போதும். சில கல்லூரிகள் சேர்க்கையின்போது பார்வைத் தகுதிச் சான்று கேட்கும். விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படிப்பில் என்ன இருக்கும்? முதலில் ஒளியியல், உடற்கூறு, புள்ளியியல். பலர் சலித்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு கண்ணின் ஒளியியல், இரு கண்களின் ஒருங்கிணைப்பு, நிறப் பார்வை, நரம்பியல், பார்வையை அளக்கும் உளவியல் முறைகள் என்று சூடு பிடிக்கும்.

கண்ணுக்குள் ஒளி செலுத்திப் பவர் அளக்கும் ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியைப் பழகும் நாட்களைச் சொல்கிறேன். இருட்டறை. எதிரே உட்கார்ந்தவர் தூரத்தில் ஓர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஏறக்குறைய ஒரு கை நீளத்தில் உட்கார்ந்து, கருவியின் ஒளிக்கோட்டை அவர் கண்மீது மெதுவாக இடவலமாக ஓட்டுவீர்கள். கண்ணின் பாப்பாவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளிப்பட்டை எழும். அது உங்கள் கோட்டோடு கூடவே நகர்ந்தால் பிளஸ் லென்ஸைக் கூட்ட வேண்டும், எதிர்த்திசையில் நகர்ந்தால் மைனஸை. லென்ஸை மாற்ற மாற்றப் பட்டை அகன்று வேகமெடுக்கும். கடைசியில் ஒரு லென்ஸில் நகர்வு என்பதே இல்லாமல் பாப்பா முழுவதும் ஒரே கணத்தில் நிரம்பி ஒரே கணத்தில் அணையும். நீங்கள் இருப்பது 67 சென்டிமீட்டர் தூரம் என்றால் அந்த லென்ஸின் எண்ணிலிருந்து 1.5 கழித்தால் போதும், அவருடைய பவர் கிடைத்துவிடும். அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. எழுத்தே தெரியாத குழந்தைக்கும் கண்ணாடி எழுதிக்கொடுப்பது இப்படித்தான். எனக்கு இது கைவர மூன்று மாதம் பிடித்தது. அதுவரை எல்லாப் பட்டையும் எல்லாத் திசையிலும் போவதாகவே தெரிந்தது. மற்றபடி, இந்தக் கருவியை எல்லோருமே ஒரு கண்ணால்தான் பார்க்கிறோம்!

ஆய்வுக்கூடத்தின் இருட்டு வேறு மாதிரி. ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவர் 1942-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முற்றிலும் இருளுக்குப் பழகிய கண்ணுக்கு ஒளி தெரியக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது கேள்வி. விழித்திரையின் குச்சி செல்கள் 5 முதல் 14 ஒளித்துகள்களை உறிஞ்சினாலே போதும் என்பது விடை. அரை மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கி, தெரிந்ததா தெரியவில்லையா என்று நூற்றுக்கணக்கான முறை சொல்லிச் சொல்லிப் பெற்ற விடை. இன்றும் இத்துறையின் ஆய்வு பெரும்பாலும் அப்படித்தான், ஒரே பொத்தானை ஆயிரம் முறை அழுத்துவது. அலுப்புத் தாங்குகிறவர்களுக்குத்தான் இந்த வழி.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை. ‘பார்வை அறிவியல்’ என்ற பெயர் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் இருக்கிறது. ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் உரிமம் பெற்றவர், ஆக வேண்டுமென்றால் அதோடு சேர்த்து ஆப்டோமெட்ரி முதுநிலையும் முடிக்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் அதே பெயர் முனைவர் பட்ட ஆய்வைக் குறிக்கும், கண் பரிசோதிக்கும் தொழிலுக்கு அங்கே தனியாக 4 ஆண்டுப் படிப்பு. இளநிலையில் பார்வை அறிவியல் மட்டும் முடித்துவிட்டு, நாளைமுதல் பவர் பார்க்கலாம் என்று வந்து நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்தப் பட்டத்துக்கு உரிமம் கிடையாது என்பதை மூன்று ஆண்டுகளில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு இரண்டு ஆண்டு கூடுதலாகப் படித்தார். பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். அது உரிமத்துக்குத் தகுதி தருகிறதா, தராவிட்டால் அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு நாட்டு உரிமம் இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது. ஆப்டோமெட்ரிஸ்ட் சொட்டு மருந்து எழுதலாமா, கண்ணாடி மட்டும்தான் எழுதலாமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும்.

மாமாவுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் கால்பங்கு உண்மை உண்டு. உரிமம் பெற்றவர்களில் நிறையப் பேர் கண்ணாடிக் கடையில்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். நான் வேலை பார்த்த கடையில் இத்தனை கண்ணாடிக்கு மேல்பூச்சு விற்க வேண்டும் என்று மாதக் கணக்கு வைத்திருந்தார்கள். தேவையில்லாதவரிடம் அதைத் திணிக்க மனம் வராமல் மாதக் கடைசியில் திட்டு வாங்குவேன். “இது தெளிவா, அது தெளிவா” என்று ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கேட்டுக் கேட்டுத் தூக்கத்திலும் அதுவே வரும்.

ஆனால் எனக்கு இத்துறையின் மீது உண்மையான பிடிப்பு வந்ததும் அதே கடையில்தான். பத்து வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். படித்தால் தலைவலி, வரி தாவுகிறது, வகுப்பில் கவனமில்லை என்று புகார். இரண்டு கண்ணிலும் கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். கண்ணாடி தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், வெளியே வரிசை நின்றது. ஏதோ தோன்றி, பேனா முனையை அவன் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தேன். மூக்குக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வரையாவது இரண்டு கண்ணும் சேர்ந்து வர வேண்டும். அவனுக்கு ஒரு சாண் தூரத்திலேயே வலக்கண் நழுவி வெளியே போனது. “இப்போது ரெண்டு பேனா” என்றான், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்பதைப் போல. புத்தகத்தைத் திறந்தால் அவனுக்கு எழுத்துகள் இரண்டிரண்டாக ஓடிக்கொண்டிருந்தன. அதைக் குறையாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்களைக் குவிக்கும் பயிற்சிக்கு அனுப்பினோம். சில மாதங்களில் தலைவலி போயிற்று.

கண்ணாடிக் கடையின் இந்தப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துதான், அறிகுறியே காட்டாமல் பார்வையைத் தின்னும் குளுக்கோமாவையும், சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் கசிவையும் பலருக்கு முதன்முதலில் கண்டுபிடிக்கிறோம். மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்.

கடைக்கு வெளியே என்ன இருக்கிறது என்றால், கண் மருத்துவமனைகளில் குழந்தைகளின் பார்வை, பார்வை மிகக் குறைந்தவர்களுக்கான மறுவாழ்வு, கடினமான கருவிழிகளுக்கான கான்டாக்ட் லென்ஸ் எனத் தனிப் பிரிவுகள் உண்டு. இப்போது மிக வேகமாக வளர்வது கிட்டப்பார்வைக் கட்டுப்பாடு. 2050-க்குள் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. குழந்தையின் பவர் ஏறுவதை மட்டுப்படுத்தச் சிறப்பு லென்ஸ்களும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் வந்துவிட்டன. அவற்றைத் தெரிந்து பயன்படுத்தும் கைகள் போதவில்லை. பொதுச் சுகாதாரத்திலும் வேலை கிடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு, அதில் குறைந்தது 100 கோடி தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. அதில் பெரும்பங்கு வெறும் கண்ணாடியாலும் கண்புரை அறுவை சிகிச்சையாலும் தீரக்கூடியது.

இயற்பியல் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தொழில்துறையையும் சொல்கிறேன். மென்மையான கான்டாக்ட் லென்ஸை 1961-இல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே வீட்டிலேயே வார்த்தார், பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுப் பொருளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து. இன்று அந்தத் தொழிலில் லென்ஸ் பொருள், கண்ணீர்ப் படலம், வடிவமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கண்ணைத் தொடாமலே விழித்திரையைக் குறுக்கே வெட்டியதுபோல் படமெடுக்கும் ஓசிடி கருவி 1991-இல் இயற்பியலும் மருத்துவமும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

தலையில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் கருவிகளைச் செய்பவர்களும் பார்வை அறிவியல் படித்தவர்களைத் தேடுகிறார்கள், காரணம் அந்தப் பையனின் பேனாதான். கருவிக்குள் ஒரு பந்து முகத்தருகே வருவதுபோல் காட்டினால் இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் திரை இருப்பது வேறு தூரத்தில் என்பதால் கண்ணின் லென்ஸ் அங்கேயே குவிந்திருக்க வேண்டும். கண்ணுக்குள் இந்த இழுபறி நடந்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்? நீங்கள் அனுப்பும் ஜேபெக் படம் சிறிதாக இருப்பதற்குக்கூட, வெளிச்ச வேறுபாட்டைப் போல நிற வேறுபாட்டை நம் கண் நுணுக்கமாகப் பார்ப்பதில்லை என்ற பார்வை அறிவியல் உண்மையே ஒரு காரணம். சாலைப் பலகையின் எழுத்தளவு, வாகன முகப்பு விளக்கின் கூச்சம், விமானிகளின் நிறப் பார்வைத் தேர்வு, கண் மருந்துச் சோதனைகளில் பார்வையை அளப்பது ஆகியவையும் இத்துறைக்காரர்களின் வேலைகளே.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பறித்துவிடாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்து மருத்துவர் துணையின்றி முடிவு சொல்லும் கருவிக்கு அமெரிக்கா 2018-லேயே அனுமதி தந்துவிட்டது. படத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை போகும், போகட்டும். வரிசை நிற்கும்போதும் பேனாவை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுவதை இயந்திரத்துக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுத்ததாக நான் பார்க்கவில்லை.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலை, நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. அதனால் என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். உரிமம் தரும் படிப்பை முதலில் முடியுங்கள், ஆராய்ச்சியைப் பிறகு எடுங்கள். கையில் தொழில் இருந்தால் ஆய்வில் துணிந்து இறங்கலாம். இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. நேரடியாக ஆய்வுக்குப் போனவர்களுக்குக் கணக்கும் நிரலாக்கமும் கூர்மையாக இருக்கும் என்பார்கள், அதுவும் உண்மைதான். பொத்தானை ஆயிரம் முறை அழுத்தும் வேலையில்தான் உங்கள் மனம் லயிக்கிறது, எதிரே ஆள் உட்கார்ந்தால் பதறுகிறது என்றால் அவர்கள் வழியில் போங்கள். அதைத் தெரிந்துகொள்ள, சேருவதற்கு முன் ஒரு கண் பரிசோதனை அறையில் ஒரு நாளும், முடிந்தால் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளும் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கல்லூரிக்கு எழுதும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பட்டம் உரிமத்துக்குத் தகுதி தருமா, படிப்புக்காலத்தில் நானே எத்தனை பேருக்குக் கண் பரிசோதிப்பேன், ஒரு கண்ணில் பார்வை குறைந்தவரைச் சேர்ப்பீர்களா. தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதற்கு முன், இடக்கண்ணைக் காட்ட ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள், பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.